இருபது நிமிடத்துக்கு ஒரு தலைவர் மனைவி

காஜா பெராங்,
மலாக்கா.
7-6-1960, செவ்வாய்க்கிழமை

மதிப்பும் அன்பும் மிக்க மைத்துனர் இராமலிங்கம் அவர்களுக்கு, காஜா பெராங் இந்தியர் நல்வாழ்வுச் சங்கத்தின் தலைவரும் தங்கள் தங்கையின் கணவருமான சேதுராமன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் அனைவரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. சென்ற புதன்கிழமை முதல் இவ்விடம் அனைவரும் என்பது நான் ஒருவனே ஆகையால் சுகத்தைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. அவ்விடம் தாங்களும் தங்கள் மனைவி தங்கச்சி பாக்கியலட்சுமியும் குழந்தைகளும் என் மனைவி தெய்வானையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தெய்வானையின் சுகத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே முகம் தெளிவாகத்தான் இருந்தது.

அவள் எதற்காகச் சிரம்பானுக்கு வந்திருக்கிறாள் என்பதைப் பத்து வார்த்தையில் சொல்லி முடித்திருப்பாள். அவள் சுபாவம் அது. முப்பத்தொரு வருஷம் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், எந்த விஷயத்தையும் கோப்பின் முதல் பக்கத்திலிருந்து சொன்னால்தான் நியாயம் விளங்கும் என்பது என் அனுபவம். ஆகவே முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

மூன்று வாரத்துக்கு முன்பு மலாக்கா வரவேற்புக் குழுவிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஜூன் பன்னிரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நம் நாட்டுப் பெருந்தலைவரின் துணைவியார் மலாக்காவுக்கு வருகிறார்கள். பண்டார் ஹிலிரில் மாதர் கூட்டம் முடிந்து கிளேபாங் போகும் வழியில் நம் சங்கத்தின் வாசகசாலைக்கு வந்து இருபது நிமிடம் இருப்பார்கள் என்று எழுதியிருந்தது. மைத்துனரே, நான் அந்தக் கடிதத்தைப் பனியனோடு நின்று படித்தேன். படித்து முடித்ததும் உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து இன்னொரு முறை படித்தேன். அன்று மாலை செயற்குழுவைக் கூட்டினேன். நம் செயலாளர் மருதமுத்துவைத் தங்களுக்குத் தெரியும், தையற்கடை வைத்திருப்பவர், யாருக்கும் அஞ்சாதவர். கடிதத்தை நீட்டினால், "இருங்க தலைவரே, கையக் கழுவிட்டு வந்துடறேன்" என்று போய்விட்டார். திரும்பி வந்து படித்துவிட்டு, "நம்ம நாற்காலியிலயா உக்காரப் போறாங்க?" என்றார். எல்லோரும் சேர்ந்து அந்த நாற்காலியைப் பார்த்தோம். பத்து வருஷமாகப் பார்த்த நாற்காலிதான், அன்றைக்கு அதைப் பார்க்க எங்களுக்கே கூச்சமாக இருந்தது. பெருந்தலைவரே வந்திருந்தால்கூட இவ்வளவு பதறியிருக்க மாட்டோம். தலைவர் வந்தால் பேசுவார், கை தட்டுவோம், போய்விடுவார். அவருடைய வீட்டம்மா வருகிறார் என்றால் நம்முடைய வீட்டை அல்லவா பார்ப்பார்!

கடிதத்தில் இரண்டு நிபந்தனை. ஒன்று, விருந்தினருக்குச் சங்கத் தலைவரின் மனைவிதான் வாசலில் மாலையிட்டு வரவேற்க வேண்டும். தலைவர் இரண்டடி பின்னால் நிற்க வேண்டும். (அளந்து பார்த்தேன். இரண்டடி பின்னால் போனால் நான் சாக்கடையில் நிற்க வேண்டும்.) இரண்டாவது, துணைவியாரின் பணிகளைப் பாராட்டி ஒரு வரவேற்பு மடல் வாசிக்க வேண்டும்.

மடல் எழுதும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். மூன்று நாள் வாசகசாலையில் உட்கார்ந்து பழைய பத்திரிகைகளைப் புரட்டினேன். தலைவர் பேசினார், தலைவர் கையெழுத்திட்டார், தலைவர் விமானம் ஏறினார், எல்லாம் தேதியோடு இருக்கிறது. துணைவியாரைப் பற்றி "உடன் சென்றார்" என்று மட்டும் இருக்கிறது. உடன் போய் என்ன செய்தார், கிளம்புவதற்கு முன் என்ன செய்தார், திரும்பி வந்தபின் என்ன செய்தார் என்று ஒரு நிருபருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஒரு படத்தில் யாரோ ஒரு பெரிய மனிதரின் தோள் அவரை மறைத்துக்கொண்டு நிற்கிறது. சரி, சரித்திரத்தில் பார்ப்போம் என்று பழைய மலாக்கா சுல்தான்களின் புத்தகத்தை எடுத்தேன். இன்ன சுல்தான் இன்ன வருஷம் இன்ன இளவரசியை மணந்தார் என்பதோடு இளவரசியின் கதை முடிந்துபோகிறது. அதற்குப் பிறகு அந்த அம்மாள் நாற்பது வருஷம் உயிரோடு இருந்திருப்பார் அல்லவா? மூன்றாம் நாள் முடிவில் என் காகிதத்தில் இருந்தது ஒரே வரி: "தலைவரின் துணைவியார் என்பவர், தலைவருக்குத் துணையாக இருப்பவர்."

இதற்கிடையில் ஒத்திகை தொடங்கியது. தெய்வானையை வாசகசாலை வாசலில் நிறுத்தி, மருதமுத்துவை விருந்தினராக நடந்துவரச் சொல்லி, எப்படி நிற்பது, எப்படிக் கும்பிடுவது, மாலையை எத்தனை உயரத்தில் பிடிப்பது என்று பதினேழு குறிப்பு கொடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங்க, அவங்க சாப்பிட்டு வருவாங்களா?"

"அவங்க அரசாங்கக் காரியமா வர்றாங்க தெய்வானை, சாப்பிட வரல."

"அரசாங்கக் காரியமா வந்தா பசிக்காதா? காலையிலேருந்து கூட்டத்துல நின்னுட்டு வர்றவங்க. முதல்ல உக்கார வச்சு ஒரு தண்ணி குடுங்க. மாலை எங்க போயிடப் போகுது?"

நிகழ்ச்சி நிரலில் தண்ணீருக்கு வரி கிடையாது என்று எடுத்துச் சொன்னேன். அப்போதுதான் எனக்கு ஒரு பயம் பிடித்தது. அவ்வளவு பெரிய அம்மாள் நிச்சயம் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை பேசுவார். பதிலுக்கு இவள் தண்ணீர் வேண்டுமா என்று தமிழில் கேட்டுவைத்தால் சங்கத்தின் மானம் என்னாவது? விஷயத்தைச் செயற்குழுவில் வைத்தேன். நம் தேவதாஸ் வாத்தியாரின் மனைவி கோகிலா கான்வென்டில் படித்தவள், ஆங்கிலம் தண்ணீர்பட்டபாடு, அவளை நிறுத்தலாமே என்றார் மருதமுத்து. ஆனால் கடிதத்தில் தலைவரின் மனைவி என்றல்லவா இருக்கிறது? இங்கேதான், மைத்துனரே, என் முப்பத்தொரு வருஷ அனுபவம் என்னைக் கெடுத்தது. அலுவலகத்தில் ஒருவர் விடுப்பில் போனால் இன்னொருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஆக்டிங் பார்ப்பார், அவர் கையெழுத்து செல்லும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதே முறையில், ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடத்துக்கு மட்டும் திருமதி கோகிலா தேவதாஸ் சங்கத் தலைவரின் மனைவியாக ஆக்டிங் பார்ப்பது என்று தீர்மானம். முன்மொழிந்தவர் மருதமுத்து. வழிமொழிந்தவன் நான்.

வீட்டுக்கு வந்து தெய்வானையிடம் இதைப் பக்குவமாகத்தான் சொன்னேன். உனக்கும் கால்வலி, வெயிலில் நிற்க வேண்டாம் பார் என்றுகூடச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவளுடைய கத்தரிப்பூ நிறப் பட்டுப்புடவையையும், எங்கள் கல்யாணத்துக்குத் தாங்கள் சீராகக் கொடுத்த வெள்ளிப் பன்னீர்ச்செம்பையும் கோகிலாவுக்கு ஒருநாள் கடன் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. பீரோச் சாவியை மேசைமேல் வைத்தாள்.

"இருபது நிமிஷம் அவ நிப்பா. மிச்ச நேரமெல்லாம் யாரு நிக்கிறது?"

எனக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. மற்ற நேரத்தில் விருந்தாளியே இல்லையே என்று பதில் சொன்னேன். சிறிது நேரத்தில் பையோடு கிளம்பினாள். பாசாருக்குப் போகிறாள் என்று நினைத்து, வரும்போது வெற்றிலை வாங்கி வா என்று சொல்லி அனுப்பினேன். பக்கத்து வீட்டு மீனாச்சி அம்மாள், தமிழ் மறந்து மலாயே பேசும் மலாக்காச் சிட்டி வீட்டு அம்மாள், வேலிக்கு அந்தப்புறம் நின்று என்னைப் பார்த்து மலாய் மொழியில் நெடுநேரம் ஏதோ சொன்னார். எல்லாம் புரியவில்லை. ஆனால் 'சிரம்பான் பஸ்' என்ற இரண்டு சொல்லும், பாராட்டு இல்லை என்பதும் புரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வியாழக்கிழமை காலை கோகிலா ஒத்திகைக்கு வந்தாள். பின்னாலேயே தேவதாஸ் வாத்தியாரும் வந்தார். "சார், பேப்பர்ல போட்டோ வந்தா கீழ என்னன்னு போடுவாங்க?" என்றார். "சங்கத் தலைவர் சேதுராமனும் அவருடைய துணைவியாரும்" என்றேன், யோசிக்காமல். "எங்கம்மா ஈப்போவுல தினம் பேப்பர் படிக்கிறாங்க சார். நான் உயிரோட இருக்கேன் சார்" என்று சொல்லி மனைவியைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது கோகிலா, "மன்னிச்சிருங்க சார், எனக்கும் ராத்திரியெல்லாம் மனசே சரியில்ல. அக்கா புடவையை நான் கட்டிக்கிட்டு அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்றாள். ஆங்கிலத்தில் கெட்டிக்காரி என்று மட்டும் நினைத்திருந்தேன், நல்ல பெண்ணாகவும் இருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை வரவேற்புக் குழுவிடமிருந்து இன்னொரு கடிதம். விருந்தினர் ஆங்கிலத்தில் பேச விரும்பவில்லையாம். பெண்களோடு உட்கார்ந்து மலாய் மொழியில் சாவகாசமாகப் பேச ஆசைப்படுகிறாராம். அதிலும், இந்த வட்டாரத்தில் குடியுரிமைக்கான மலாய்ப் பரீட்சையில் பதினான்கு தமிழ்ப் பெண்கள் ஒரே தடவையில் தேறிவிட்டதாகக் கேள்விப்பட்டாராம்; அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாதை அவசியம் சந்திக்க வேண்டுமாம். செயற்குழுவில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யார் அந்த மாது? சங்கத்தில் அப்படி ஒரு வகுப்பு நடந்ததாக என் ஆண்டறிக்கையில் இல்லையே! தேறிய பெண்களில் ஒருத்தியான அஞ்சலையைக் கூப்பிட்டு அனுப்பினேன், நகராட்சியில் வேலை பார்க்கிறாளே அவள்தான்.

"எங்க தெய்வானை அக்காதான் சொல்லிக்குடுத்தாங்க" என்றாள்.

"எங்கே?"

"உங்க வீட்டுச் சமையல்கட்டுலதான். நாலு மாசம் வந்தோமே. நீங்க முன்னால பேப்பர் படிச்சிட்டிருப்பீங்க. அக்கா உங்களைத் தொந்தரவு பண்ணாதீங்கன்னு சொல்வாங்க, நாங்க பின்வாசலால வருவோம்."

மைத்துனரே, நாலு மாதம், வாரத்துக்கு மூன்று நாள், பதினான்கு பெண்கள் என் வீட்டு வழியாகப் போய் வந்திருக்கிறார்கள். நான் அவர்கள் மாவரைக்க வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நம் வீட்டில் ஏன் இத்தனை மாவு அரைக்கிறார்கள் என்று ஒருநாள்கூட நான் கேட்கவில்லை. இவளுக்கு மலாய் எப்படி வந்தது என்றால், இருபத்து நான்கு வருஷமாக மீனாச்சி அம்மாளோடு வேலிக்கு இரண்டு புறமும் நின்று பேசிப் பேசியே வந்திருக்கிறது. அன்று மாலை அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தபோது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதே பரீட்சைக்குப் போன வருஷம் நானும் போனேன். அதற்கு முன்னால் ஒரு மாதம் இவள் எனக்குச் சோறு போடும்போதெல்லாம் மலாய் மொழியில்தான் இன்னும் வேண்டுமா, போதுமா, குழம்பா ரசமா என்று கேட்பாள். பக்கத்து வீட்டுப் பழக்கம் இவளுக்கும் தொற்றிவிட்டது என்று நான் சலித்துக்கொண்டு, வேறு வழியில்லாமல் மலாயிலேயே பதில் சொல்வேன். பரீட்சை அதிகாரி, வீட்டில் எத்தனை பேர், என்ன சாப்பிட்டீர், யார் சமைத்தார் என்று கேட்டார். மடமடவென்று சொல்லிவிட்டு வந்தேன். ஊர் முழுக்க என் மொழியறிவைப் பற்றி நான் பேசிக்கொண்ட பேச்சை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

அஞ்சலை போனபிறகு மருதமுத்து தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். "தலைவரே, தப்பா நினைக்காதீங்க. எட்டு வருஷமா உங்களையே தலைவரா தேர்ந்தெடுக்கிறோமே, எதுக்குன்னு நினைக்கிறீங்க?" என் நிர்வாகத் திறமைக்கு என்றேன். "அதுவும்தான்" என்றார். நல்ல மனிதர், அப்படித்தான் சொன்னார். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். எனக்கு எதிராகத் தேர்தலுக்கு நின்றவர்களை ஒவ்வொரு வருஷமும் வீடு வீடாகப் போய்ச் சமாதானம் செய்தது தெய்வானையாம். நான் கூட்டத்தில் யாரையாவது கடுமையாகப் பேசிவிட்டால் மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் பலகாரம் போகுமாம். மருதமுத்துவுக்கே ஆறு தடவை போயிருக்கிறதாம். அவர் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டதாகவும், ஏழாவது தடவைக்குக் காத்திருப்பதாகவும் சொன்னார். நான் எட்டு வருஷம் மேடையில் உட்கார்ந்திருந்தேன், மைத்துனரே. மேடை சாயாமல் பிடித்துக்கொண்டிருந்தவள் அடியில் இருந்திருக்கிறாள். எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. ஒரு வீட்டில் இருந்துகொண்டு இத்தனையும் ஒருவருக்குத் தெரியாமல் செய்ய முடியுமா? அந்த ஒருவர் நானாக இருந்தால் முடியும் போலிருக்கிறது.

அதன் பிறகு வரவேற்பு மடல் தானாக வந்தது. நாட்டுக்குத் தலைவராக ஆவதற்கு முன்னால் ஒருவர் வீட்டில் எத்தனை கூட்டம் நடந்திருக்கும், அகாலத்தில் வந்தவர்களுக்கு யார் இலை போட்டிருப்பார்கள், கோபித்துக்கொண்டு போனவர்களை யார் திரும்ப அழைத்திருப்பார்கள், அவர் பேசிய கூட்டத்தில் மக்கள் கை தட்டியபோது வீட்டில் யார் கவலையோடு விழித்திருந்திருப்பார்கள் என்று கேள்வி கேள்வியாக எழுதினேன். அந்த அம்மாளின் வாழ்க்கையில் எது எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி எழுதவும் கூடாது. யாரும் குறித்துவைக்கவில்லை என்பதுதான் எனக்குத் தெரிந்தது. ஆகவே, "அம்மா, தாங்கள் செய்தது எதுவும் எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியாமல் எவ்வளவு செய்திருப்பீர்கள் என்று நினைத்து வணங்குகிறோம்" என்று முடித்தேன். மருதமுத்து படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தலைவரே, இது யாருக்கு எழுதுனது?" என்றார்.

நேற்று முன்தினம், ஞாயிற்றுக்கிழமை, அவசரச் செயற்குழு கூடி, ஆக்டிங் நியமனத்தை ரத்து செய்து, திருமதி தெய்வானை சேதுராமனைச் சங்கத் தலைவரின் மனைவி என்ற பதவியில் நிரந்தரமாக உறுதிப்படுத்தி ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. நகல் இத்துடன் இணைத்துள்ளேன். தயவுசெய்து அவளிடம் காட்டவும். நாட்டின் கௌரவத்தை முன்னிட்டும், விருந்தினரே விரும்பிக் கேட்டிருப்பதை முன்னிட்டும், தெய்வானையைச் சனிக்கிழமை காலைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். நானே நேரில் வந்து அழைத்துவருவதுதான் முறை. பந்தல் வேலை, நாற்காலிக்கு வார்னிஷ் அடிக்கும் வேலை முதலியவற்றால் தலைவரான நான் ஊரைவிட்டு நகர முடியாத நிலையில் இருக்கிறேன். நிகழ்ச்சி நிரலில் தண்ணீருக்கு ஒரு வரி சேர்த்தாகிவிட்டது என்பதையும் அவளிடம் சொல்லவும். மன்னிப்பு முதலியவற்றைப் பற்றி இங்கே எழுதவில்லை, தீர்மானத்தின் மூன்றாவது பத்தியில் செயற்குழு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்திருக்கிறது. செயற்குழு என்பதில் நானும் அடக்கம்.

தங்கச்சி பாக்கியலட்சுமிக்கு என் அன்பும், குழந்தைகளுக்கு ஆசீர்வாதமும். காஜா பெராங் மாரியம்மன் உங்கள் குடும்பத்தைக் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும்.

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள,
ப. சேதுராமன்,
தலைவர், காஜா பெராங் இந்தியர் நல்வாழ்வுச் சங்கம்.

பி.கு.: புதன்கிழமை காலை. உறை ஒட்டுவதற்கு முன்னால் வரவேற்புக் குழுவிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். பயணத்தைச் சுருக்கிவிட்டார்களாம், பண்டார் ஹிலிர் கூட்டத்தோடு விருந்தினர் திரும்பிவிடுகிறார். காஜா பெராங்குக்கு வரவில்லை. மருதமுத்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். ஆகவே, மைத்துனரே, மேலே நாட்டின் கௌரவம் என்று எழுதியது எதுவும் இப்போது செல்லாது. பதவி, தீர்மானம், மூன்றாவது பத்தி எதுவும் செல்லாது. ஐந்து பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு, கீழே இருக்கும் துண்டை மட்டும் தெய்வானையிடம் கொடுங்கள்.

தெய்வானை, யாரும் வரவில்லை. நீ வந்து ஆக வேண்டிய காரியம் ஊரில் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு நீ வேண்டும், அவ்வளவுதான். நீ கேட்ட கேள்விக்கு எனக்கு இப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. நான் செய்தது பெரிய தப்பு. சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பும் முதல் பஸ்ஸில் நானே சிரம்பானுக்கு வருகிறேன். என்னை வரவேற்க யாரும் வாசலில் நிற்க வேண்டாம். கதவை மட்டும் சாத்திவிடாதே.

சேது